மெதுவாகும் கம்ப்யூட்டரும் சங்கத்தின் பொறுப்பும்

நமது கூட்டுறவுச் சங்கங்களின் அலுவலகங்களில் அடிக்கடி செவியில் விழும் முறையீடு ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது ஐயா, வேலை ஓடவில்லை" என்பதே அது. பயிர்க்கடன் பெற வந்த விவசாயி திண்ணையில் அமர்ந்திருக்கிறார். நெய்த சேலைகளை ஒப்படைக்க வந்த நெசவாளி கூலிச் சீட்டுக்காகக் காத்து நிற்கிறார். திரையிலோ ஒரு சிறு வளையம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நெசவாளிக்கு அரை நாள் வீணாவதென்றால் அரை நாள் கூலி போயிற்று என்று பொருள். ஆகவே இது யந்திர நிபுணர்கள் மட்டும் கவலைப்பட்டுத் தீர வேண்டிய விஷயம் அன்று.

நாட்டிலுள்ள சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசாங்கம் 2022 ஜூன் மாதத்தில் அங்கீகாரம் அளித்தது. யந்திரங்களை வாங்குவதில் காட்டும் ஊக்கத்தை, அவற்றைப் பேணுவதில் நாம் காட்டுவதில்லை என்பது என் துணிபு.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவதென்று நிர்வாகக் குழுவினர் தீர்மானம் எழுதி வைத்திருந்தனர். கையொப்பமிடுமுன் பெட்டியைத் திறந்து காட்டுமாறு கேட்டேன். நூல் கட்டுகள் அடுக்கிய அறையிலேயே அது ஐந்தாண்டுகளாக இருந்து வந்தது. உள்ளேயிருந்த விசிறியைக் காண முடியவில்லை. சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போலப் பஞ்சு படிந்து கிடந்தது. குழித்தறியில் சேரும் பஞ்சை அன்றாடம் துடைத்தெடுக்கும் மக்களின் சங்கத்தில் இந்நிலை என்பதுதான் எனக்கு வியப்பளித்தது.

கம்ப்யூட்டர் மாட்டைப் போல மூப்படைவதன்று. அதன் மூளையாகிய சில்லு, ஒரு படிகக் கல்லின் துடிப்புக்கேற்ப வேலை செய்கிறது. அத்துடிப்பு முதல் நாளில் இருந்தவாறே பத்தாம் ஆண்டிலும் இருக்கும். ஆனால் சில்லு வேலை செய்யும்போது வெப்பம் உண்டாகிறது. விசிறி அடைபட்டு வெப்பம் வெளியேறாமல் போய், சூடு ஏறக்குறைய நூறு டிகிரியை நெருங்குமாயின், கருகிப் போகாதிருக்கச் சில்லு தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சில்லுக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையே தடவியிருக்கும் பசையும் சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். பார்ப்பவருக்கு இது கிழத்தன்மையாகத் தோன்றுகிறது. உண்மையில் அது தற்காப்பு. விவசாயிகளின் சங்கங்களில் பஞ்சுக்குப் பதிலாக உரத்தூள் உண்டு. கிடங்கை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டரை வைப்பது வழக்கமாகிவிட்டது. உரம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையது. அத்தூள் படிந்த செம்பு இணைப்புகள் நாளடைவில் அரிக்கப்படுகின்றன.

அடுத்தது தகவல்களைச் சேமிக்கும் தட்டு. பழைய கம்ப்யூட்டர்களில் உள்ளது சுழலும் காந்தத் தட்டு. நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுவது. அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் தகவல்களைத் தேடி அதன் ஊசி ஓட வேண்டியிருப்பதால், விநாடிக்குச் சுமார் நூறு இடங்களுக்கு மேல் அதனால் படிக்க இயலாது. இக்காலத்து விண்டோஸோ, நாம் கேளாமலே பின்னணியில் எதையாவது தேடிப் படித்துக்கொண்டும், திருத்தங்களை இறக்கிக்கொண்டும் இருக்கிறது. மின்சாரம் திடீரென்று நின்று போகும் ஊர்களில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. யு.பி.எஸ். மின்கலம் செத்துப் போய் மாற்றப்படாமல் கிடக்க, எழுதிக்கொண்டிருக்கும் நடுவிலேயே யந்திரம் அணைந்துவிடுகிறது. இவ்வாறு பலமுறை நேர்ந்தால் பதிவுகள் சிதைவதும், தட்டில் பழுதான இடங்கள் தோன்றுவதும் உண்டு. பழுதான இடத்தைத் தட்டு திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்நேரம் முழுவதும் திரை அசையாது. இந்நிலையில் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அங்கத்தினர் கணக்குகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைப்பதே முதற்கடமை.

சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. எனும் தட்டு, விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் படிக்கவல்லது. பழைய தட்டை எடுத்துவிட்டு இதைப் பொருத்துவதற்குப் புதிய யந்திரத்தின் விலையில் சிறு பகுதியே ஆகும். மெதுவான கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்று யாரேனும் சொன்னால், இதையே செய்யும்படி நான் கூறுவேன். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: முழுதும் நிரம்பினால் எஸ்.எஸ்.டி.யும் தளர்ந்துவிடும். பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் காலியாக இருத்தல் நலம்.

ராம் என்று வழங்கும் நினைவகத்தைக் குமாஸ்தாவின் மேஜைக்கு ஒப்பிடலாம். மேஜை சிறியதானால், ஒவ்வொரு பேரேட்டையும் எடுக்கவும் வைக்கவும் அவர் அலமாரிக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். நினைவகம் நிறைந்தபின் கம்ப்யூட்டரும் அவ்வாறே தட்டுக்கு நடக்கிறது. நான்கு ஜி.பி. நினைவகத்தை வைத்துக்கொண்டு, பிரௌசரில் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்து வைத்தால் வேறு எவ்விதம் நடக்கும்? மேலும், யந்திரத்தை இயக்கிய உடனேயே கேளாமல் ஓடத் தொடங்கும் நிரல்கள் பல. அச்சு யந்திரக் கம்பெனியின் நிரல் ஒன்று, என்றோ ஒரு நாள் வீடியோவில் பேசுவதற்கு ஏற்றிய நிரல் ஒன்று, வைரஸ் காப்பு நிரல்கள் இரண்டு என்று இவை பெருகுகின்றன. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில், ஸ்டார்ட்டப் என்ற பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்திவிடலாம். விண்டோஸுடனேயே டிஃபெண்டர் என்ற காப்பு நிரல் வருகிறது; அதற்கு மேல் இரண்டு காவற்காரர்களை வைத்தால் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருப்பர். "உங்கள் கம்ப்யூட்டரை வேகமாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்யும் நிரல்களை நான் எவ்விடத்திலும் சிபாரிசு செய்வதில்லை. சுமையைக் குறைக்க இன்னொரு சுமையை ஏற்றுவது எவ்வகை யுக்தி?

நிரல்கள் எழுதுவோர் மீதும் குறை உண்டு. பாஸ்கல் மொழியை உருவாக்கிய ஸ்விட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், யந்திரங்கள் வேகம் பெறுவதைவிட விரைவாக நிரல்கள் பருத்து மந்தமாகின்றன என்று 1995-லேயே எழுதினார். ஆயினும் அதை நாம் திருத்த முடியாது. நம் அறையைப் பெருக்குவது நம்மால் முடியும்.

பழியைச் சுமத்துமுன் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. இணையம் தேவைப்படாத ஒரு கணக்குத் தாளைத் திறந்து பார்க்க வேண்டும். அது உடனே திறந்து, வெளித்தளம் மட்டும் தாமதித்தால், குற்றம் யந்திரத்தினுடையதன்று; இணைய இணைப்பினுடையதோ, அத்தளத்தினுடையதோ ஆகும். இதை அறியாமல் நல்ல யந்திரத்தைக் கழித்த சங்கமும் உண்டு.

எல்லாவற்றையும் பழுது பார்த்தே ஓட்டலாம் என்று நான் வாதிக்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏற்ற சில்லு இல்லாத பழைய யந்திரத்தில் அங்கத்தினரின் பணக் கணக்கை நெடுநாள் வைத்திருப்பது தகாது. அத்தகையவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது காரணம் அறிந்து செய்யும் மாற்றமாக இருக்கட்டும்.

இதில் என் போன்ற ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. இருப்புப் பதிவேட்டில் 'கம்ப்யூட்டர் - 1' என்று கண்டு, மேஜை மேல் ஒன்று இருப்பதைக் கண்டு, சரியென்று குறியிட்டு நகர்ந்துவிடுகிறோம். கடைசியாக எப்போது துடைத்தீர்கள், மின்கலத்தை எப்போது மாற்றினீர்கள், பிரதி எங்கே இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை இவற்றைத் தேதியிட்டு எழுத ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். அதையும் பார்வையிடும் பதிவேடுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மேற்சொன்ன நெசவாளர் சங்கத்தார் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றனர். பஞ்சை நீக்கி, பசை தடவி, தட்டை மாற்றி, நினைவகத்தை எட்டு ஜி.பி.யாக உயர்த்தினர். யந்திரம் இப்போது நூலறையில் இல்லை. கதவுள்ள பக்கத்து அறையில் இருக்கிறது. மீந்த தொகையை என்ன செய்வது என்பது பற்றி அடுத்த கூட்டத்தில் வாக்குவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.