மாடித் தோட்டம்: மூலையில் கிடக்கும் கோணல் கள்ளிக்கு மறுவாழ்வு!

வீட்டை வாடகைக்கு விட்டுப் போனவர்கள் மாடியில் அப்படியே போட்டுவிட்டுப் போன தொட்டி, அலுவலக ஜன்னலோரம் யாரும் கவனிக்காமல் தூசி படிந்த தொட்டி... இதில் பெரும்பாலும் உயிரோடு இருப்பது கள்ளிச் செடிதான். அதிலும் சில, பார்க்கவே விநோதமாக இருக்கும். விசிறி மாதிரி விரிந்து, மூளை மாதிரி மடிந்து, சேவல் கொண்டை மாதிரி நெளிந்து நிற்கும். 'ஏதோ நோய் வந்து இப்படிக் கோணிப்போச்சு' என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது நர்சரியில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய செடியாக இருக்கலாம்!

ஏன் இந்தக் கோணல்?

சாதாரணக் கள்ளியின் நுனியில் வளர்ச்சிப் புள்ளி ஒன்றுதான் இருக்கும். அதனால் தூண் மாதிரியோ பந்து மாதிரியோ வளரும. சில செடிகளில் அந்தப் புள்ளி ஒரு கோடாக நீண்டுவிடும். அந்தக் கோடு முழுக்க வளர வளர, இடம் போதாமல் மடிப்பு மடிப்பாக நெளியும். நுனியில் அடிபடுவது, பூச்சி கடிப்பது, கிருமித் தொற்று, மரபணு மாற்றம் எனக் காரணங்கள் பல. நம் ஊர் கோழிக்கொண்டைப் பூவும் இதே மாதிரி உருவானதுதான். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் சவாரோ கள்ளிகளில்கூட, அபூர்வமாக ஒன்றிரண்டு உச்சியில் விசிறி விரித்து நிற்கும்.

முதலில், இது யார்?

தமிழில் எல்லாவற்றையும் 'கள்ளி' என்கிறோம். ஆனால், இதில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூஃபோர்பியா வகை. சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த காக்டஸ் வகை.

வித்தியாசம் கண்டுபிடிக்கச் செடியை வெட்ட வேண்டாம். முள் முளைக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். போனில் ஜூம் செய்து பார்த்தாலே தெரியும். பஞ்சு ஒட்டிவைத்த மாதிரி சின்னப் புள்ளி இருந்து, அதிலிருந்து முட்கள் கொத்தாக வந்தால் அது காக்டஸ். பஞ்சுப் புள்ளி இல்லாமல், தண்டின் விளிம்பில் முட்கள் ஜோடி ஜோடியாக நின்றால் பெரும்பாலும் யூஃபோர்பியா.

இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம்? யூஃபோர்பியாவைக் கீறினால் பால் வரும். அந்தக் கள்ளிப்பால் தோலில் பட்டால் எரிச்சல், கொப்புளம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

கழுத்தில் தழும்பு இருக்கிறதா?

நர்சரிகளில் கிடைக்கும் கொண்டைக் கள்ளிகள் பல, ஒட்டுக் கட்டியவை. கீழே ஒரு செடி, மேலே வேறு செடி. பவளப்பாறை மாதிரி நெளிந்திருப்பது பெரும்பாலும் யூஃபோர்பியா லாக்டியா. அடியில் இருப்பது இலைக்கள்ளி. பச்சை முக்கோணத் தண்டின் மேல் சிவப்பு, மஞ்சள் பந்து உட்கார்ந்திருந்தால் அது 'மூன் காக்டஸ்'. அந்தப் பந்தில் பச்சையம் கிடையாது. அடியில் உள்ள டிராகன் ஃப்ரூட் இனத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அதனால் இதற்கு ஆயுள் சில வருடங்கள்தான். நன்றாகப் பராமரித்தும் பந்து வாடினால் உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள்.

தாகமா, அழுகலா?

வாடிய கள்ளியைப் பார்த்ததும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றத் தோன்றும். பொறுங்கள்! குச்சியால் தண்டை மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தால் தாகம், பிழைத்துக்கொள்ளும். கொழகொழவென உள்ளே போனால் அழுகல். அடிப்பகுதி மரப்பட்டை மாதிரி பழுப்பாகி, கெட்டியாகவே இருந்தால் அது வயது, பயப்பட வேண்டாம்.

மறுவாழ்வுக்கு ஐந்து படிகள்

1. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பழைய மண்ணை உதறுங்கள். காய்ந்த, கறுத்த வேர்களை வெட்டிவிடுங்கள். அழுகல் இருந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் சுத்தமான சதை தெரியும்வரை வெட்ட வேண்டும்.

2. மடிப்புகளுக்குள் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பியிருந்தால் மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு மடிப்பாகத் துடையுங்கள். வாரம் ஒருமுறை என மூன்று, நான்கு வாரம் செய்ய வேண்டும்.

3. நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் போட்டுவையுங்கள். வெட்டிய இடம் பொருக்குத் தட்டியபிறகுதான் நட வேண்டும்.

4. மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி நல்லது. வேரைவிடக் கொஞ்சமே பெரிதாக இருந்தால் போதும். நட்டு ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். அதன்பிறகு, மண் அடிவரை காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

5. நிழலில் கிடந்த செடியை ஒரேயடியாக மொட்டை மாடி வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும். முதல் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

இதையும் கவனியுங்கள்

கொண்டையின் நடுவிலிருந்து சாதாரணத் தண்டு முளைத்தால் சந்தோஷப்படாதீர்கள். அது வேகமாக வளர்ந்து, கொண்டைக்குப் போகும் சத்தை எடுத்துக்கொள்ளும். சிறிதாக இருக்கும்போதே அடியோடு வெட்டிவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே அடிச்செடியில் வரும் தளிர்களையும் அப்படியே. வெட்டியதை உலரவைத்து, வேறு தொட்டியில் நட்டால் இன்னொரு கள்ளி தயார்.

பழைய தழும்பு மறையாது. வெளிச்சமில்லாமல் ஒல்லியான கழுத்து மறுபடி பருக்காது. அதை எதிர்பார்க்காதீர்கள். கொண்டையின் விளிம்பில் வெளிர்பச்சையாக ஒரு கோடு தெரிகிறதா, புது முள் பளிச்சென்று வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை உரமும் வேண்டாம், அடிக்கடி பிடுங்கி வேர் பார்ப்பதும் வேண்டாம்.