தூரப் பயணமும் வண்டிச் சூடும்

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை.

"அக்கா, என் வீட்டுக்காரர் தூரப் பயணம் போவதற்கென்றே ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார். மாதம் ஒரு தடவை ஏற்காடு, மைசூர் என்று கிளம்பிவிடுகிறார். திரும்பி வந்தால் இரண்டு காலிலும் உட்புறம் சிவந்து கிடக்கிறது. நீர்க்கடுப்பு வேறு. அத்தை 'உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி' என்கிறார். இவரோ 'வண்டின்னா சுடத்தான் செய்யும்' என்கிறார். நாங்கள் இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறோம். இந்தச் சூட்டினால் கெடுதல் ஏதும் உண்டா?"

வண்டி சமாசாரம் பெண்கள் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஓட்டுகிறவர் நம் வீட்டு மனுஷர். பின்னால் உட்காருகிறவள் நாம். நிறுத்தின வண்டியைத் தொட்டு விளையாடுவது நம் குழந்தை. அப்புறம் எப்படி நம் சமாசாரம் இல்லாமல் போகும்?

நான் பத்தாவது வரை படித்தவள்தான். ஆனால் ஓசூரில் குடியிருக்கிறவளுக்கு வண்டியைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியுமா? 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இந்த ஊரிலிருந்துதான் வெளியே வந்தது. நான் பிறந்த வருஷமும் அதுவே. என் வீட்டுக்காரரும் சிப்காட்டில் எஞ்சின் பாகம் செய்கிற ஒரு பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறார். அவரையும், எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனையும் கேட்டு, வண்டியோடு வருகிற கையேட்டையும் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு சூடு?

விறகு அடுப்பில் சமைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எரிகிற விறகின் சூடு முழுவதுமா பாத்திரத்துக்குள் போகிறது? பாதிக்கு மேல் பக்கவாட்டில் போய்விடும். எஞ்சினும் அப்படித்தான். எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சமெல்லாம் சூடு. அது சைலன்சர் வழியாகவும், எஞ்சினின் மேல்தோல் வழியாகவும் வெளியே வந்தாக வேண்டும். காரில் எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. மோட்டார் சைக்கிளிலோ எஞ்சினையே இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்காருகிறோம்!

சின்ன வண்டிகளில் எஞ்சினைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தகடுகள் இருக்கும். அவற்றின் மேல் காற்று பட்டுச் சூடு இறங்கும். பெரிய வண்டிகளில் அது போதாது. அதனால் ரேடியேட்டர் வைத்து, கூலன்ட் என்ற திரவத்தை எஞ்சினைச் சுற்றி ஓடவிடுகிறார்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். சிக்னலில் நின்றுவிட்டால் காற்று ஏது? அப்போது மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்து, அனல் காற்றைப் பின்னால் தள்ளும். பின்னால் இருப்பது யார்? ஓட்டுகிறவரின் கால்தான். விசிறி சுற்றுவது கோளாறு இல்லை. சுற்றாவிட்டால்தான் கோளாறு.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்தது. புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற பாகம் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். அதனால் பல வண்டிகளில் அதை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். ஊர்க் காற்றுக்கு நல்லது. காலுக்கு அனல்.

எஞ்சின் அமைப்பிலும் வித்தியாசம் இருக்கிறது. டி.வி.எஸ். நிறுவனமும் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. மோட்டாராடும் 2013-ல் கைகோத்தன. அப்படிப் பிறந்த ஜி 310 ஆர், பிறகு 2017 டிசம்பரில் வந்த அப்பாச்சி ஆர்.ஆர். 310 இரண்டுமே நம் ஓசூரில் உருவானவை. வழக்கமாகப் புகைக்குழாய் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து கிளம்பும். இந்த எஞ்சினில் சிலிண்டரைப் பின்னோக்கிச் சாய்த்து, காற்று முன்னால் நுழைய, புகை பின்னால் வெளியேறும்படி மாற்றி அமைத்தார்கள். எடை சரியாக அமையவும், திருப்பங்களில் வண்டி நன்றாக வளையவும் இப்படிச் செய்வார்களாம். ஒவ்வொரு வண்டியிலும் சூடு எந்த இடத்தில் வரும் என்பது இப்படித்தான் மாறுகிறது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் பெரிய வண்டிகள் சிலவற்றில், வண்டி நின்றுகொண்டே ரொம்பச் சூடாகிவிட்டால் பின் சிலிண்டர் எரிவதைத் தானே நிறுத்திவிடுகிற ஏற்பாடே இருக்கிறது. ஆக, காலைச் சுடுகிறது என்று சொல்வது சொகுசுக்காரர் புகார் இல்லை. உலகம் பூராவும் இருக்கிற தொல்லைதான்.

வண்டிக்குச் செய்ய வேண்டியவை

முதலில், கூடுதல் சூட்டைக் குறைக்கலாம். எஞ்சின் ஆயில் குறைந்தாலோ, பழசாகிக் கறுத்தாலோ உரசல் அதிகமாகும், சூடும் ஏறும். கையேட்டில் சொன்ன ரக ஆயிலை, சொன்ன கணக்கில் மாற்றச் சொல்லுங்கள். எஞ்சின் மடிப்புகளிலும் ரேடியேட்டரிலும் சேறும் பூச்சியும் அடைத்துக்கொண்டிருக்கும். வண்டி நன்றாக ஆறின பிறகு லேசாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். வேகமாக பீய்ச்சினால் ரேடியேட்டரின் மெல்லிய தகடு மடங்கிவிடும்.

கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று பயணத்துக்கு முன் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. நம் ஊர் போர் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். வண்டி சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆவி இறங்காத குக்கரை யாராவது திறப்பார்களா?

டயரில் காற்று குறைவு, பிரேக் உரசிக்கொண்டே இருப்பது, செயின் இறுக்கம், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் - இவை எல்லாம் எஞ்சினுக்கு வீண் பாரம். வழக்கத்தைவிடத் திடீரென்று சூடு அதிகமானால் மெக்கானிக்கிடம் காட்டாமல் தூரம் கிளம்பக் கூடாது.

அடுத்தது, மிச்சச் சூட்டைக் காலிலிருந்து விலக்குவது. வண்டிக் கம்பெனியே விற்கிற சூட்டுத் தடுப்புத் தகடு இருந்தால் அதைப் போடலாம். டாங்கிக்கு அடியிலும் பக்க மூடிக்கு உட்புறமும் ஒட்டுகிற அலுமினியம் பூசிய தடுப்புப் பட்டை கிடைக்கிறது. தெரிந்த மெக்கானிக் கையால் ஒட்டினால் பலன் தரும். புகைக்குழாயில் பட்டை நாடா சுற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் மழையில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். சீட்டின் மேல் காற்று ஓடுகிற வலை உறை போட்டால் தொடைக்கும் இடுப்புக்கும் சுகம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. அனல் வருகிற வழியைத் துணியாலோ பிளாஸ்டிக்காலோ அடைக்கக் கூடாது. என் அண்ணன் மகன் வண்டிக்கு ஒரு கடையில் ரேடியேட்டருக்குப் பின்னால் தகடு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கால் சுடவில்லை, வாஸ்தவம். சூளகிரி தாண்டுவதற்குள் எஞ்சின் சூட்டு விளக்கு எரிந்து வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பக்கப்பை, மழைக்கோட்டு எதுவும் சைலன்சர் மேல் படாமலும் கட்ட வேண்டும். பட்டால் தீப்பிடிக்கும்.

ஓட்டுகிறவருக்கு

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் குளுகுளுவென்று கிளம்புகிறவர்கள் கிருஷ்ணகிரிக்கு இறங்கியதும் "என்ன இப்படி அனல்!" என்பார்கள். அதனால் விடியற்காலையில் கிளம்பி, உச்சி வெயிலுக்கு முன் நிழலில் ஒதுங்கிவிடுவது நல்லது. பெங்களூர்ப் பக்கம் போகிறவர்கள் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசல் நேரத்தைத் தவிர்க்கலாம். வெகுநேரம் நிற்கிற சிக்னலில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்தால் சூடு இன்னும் ஏறும். ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒரு தரம் இறங்கிக் காலை நீட்டி நடக்க வேண்டும்.

அரைக்கால் சட்டையோடு ஓட்டவே கூடாது. பாலியஸ்டர், நைலான் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே பருத்தி, மேலே கனத்த ஜீன்ஸ் அல்லது ஓட்டுகிறவர்களுக்கென்று வருகிற காலுறை, கணுக்காலை மூடுகிற பூட்ஸ் - இதுதான் சரி. புழுங்குகிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கி மேல் வைப்பது ஆபத்து.

நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் குடித்த தண்ணீர் போதாததுதான். இரண்டு பாட்டில் தண்ணீரோடு, உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு கட்டிக்கொடுங்கள். கிளம்பும் முன் ராகிக் கூழில் மோர் கரைத்து ஒரு சொம்பு. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கடுப்போடு காய்ச்சல் வந்தாலோ, இரண்டு நாளில் அடங்காவிட்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். வெயிலில் தலைசுற்றல், குழறிய பேச்சு, உடம்பு நெருப்பாகக் கொதிப்பது இவை தெரிந்தால் நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் விட்டு விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். எண்ணெய்க் குளியல் இதற்கு மருந்தல்ல.

காலில் சிவப்பு ஒரு நாளில் மறைந்தால் பயமில்லை. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அனல் பட்டால் வலை பின்னியது போலப் பழுப்பாகத் தழும்பும். அது தெரிந்தால் தோல் டாக்டரிடம் போக வேண்டும். வேர்த்த துணியோடு உட்கார்ந்தே வந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும். வந்ததும் குளித்து, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த துணி மாற்றச் சொல்லுங்கள்.

இனி, தங்கை தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆண்களின் விதைப்பை உடம்புக்கு வெளியே இருப்பதே, உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் உயிரணு நன்றாக உருவாகும் என்பதால்தான். அந்த இடத்தில் நெடுநேரம், அடிக்கடி சூடு ஏறினால் உயிரணு குறையக்கூடும். ஓர் உயிரணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே குழந்தைக்கு முயற்சி செய்கிற மாதங்களில் நீண்ட பயணத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. மாதம் ஒரு பயணத்தாலேயே குழந்தை இல்லாமல் போய்விடும் என்று மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு வருஷம் முயன்றும் தங்காவிட்டால், உங்களுக்கு வயது 35-க்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்களை மட்டும் அனுப்பிவைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சைலன்சரும் குழந்தைகளும்

எனக்கு இந்த விஷயத்தில்தான் கவலை அதிகம். நிறுத்தின வண்டி சத்தமில்லாமல் நிற்கும். சைலன்சரோ கொதித்துக்கொண்டிருக்கும். 60 டிகிரி சூட்டுத் தண்ணீரே பெரியவர் தோலை ஐந்தாறு விநாடியில் வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லிசு. சைலன்சரின் சூடு அதற்கு எவ்வளவோ மேல். எங்கள் எதிர்வீட்டுப் பாப்பா, மூன்று வயது, பந்தை எடுக்கக் குனிந்தவள் கையை ஊன்றியது சைலன்சர் மேல். பதறிப்போய்ப் பற்பசையைப் பூசிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தை போட்ட சத்தம் தெருவே கேட்டது. விரல் மடங்கிப் போகாமலிருக்க மாதக்கணக்கில் பயிற்சி செய்தார்கள்.

வண்டியைச் சைலன்சர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். ஆற அரைமணி நேரமாவது ஆகும். குழந்தையை எப்போதும் சைலன்சர் இல்லாத பக்கமாக ஏற்றி இறக்குங்கள். இரண்டு பக்கமும் சைலன்சர் உள்ள வண்டி என்றால், குழந்தையைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். நாம் புடவையில் உட்காரும்போது தலைப்பும் கொசுவமும் சக்கரத்திலோ சைலன்சரிலோ படாமல் செருகிக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கிற புடவைக் காப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கப் படியும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதியே. அழகுக்காக அதைக் கழற்றினால் விடாதீர்கள்.

மீறிச் சுட்டுவிட்டால்:

உடனே ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள்.

வீங்குவதற்கு முன் கொலுசு, மெட்டி, வளையலைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டின துணியைப் பிய்க்காதீர்கள்.

ஐஸ், மஞ்சள், மாவு, மை, பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம்.

கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

குழந்தை என்றாலோ, கை, முகம், மூட்டு, மறைவிடத்தில் சுட்டாலோ, உள்ளங்கையைவிடப் பெரிசாக இருந்தாலோ, புண் வெளுத்து வலியே இல்லாமல் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. வலி இல்லையே என்று ஏமாறாதீர்கள். அது ஆழமான புண். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை நாளாச்சு என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டைத் தங்கைக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. வண்டி என்றால் சூடு இருக்கத்தான் செய்யும். கால் சிவக்கிற அளவுக்கு இருக்க வேண்டியதில்லை. அடுத்த பயணத்துக்கு முன் ஆயில், கூலன்ட், ரேடியேட்டர் மூன்றையும் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். பார்த்த பிறகு மோரைக் கட்டிக்கொடுங்கள்.