கண்டெடுத்தது கெஃபன் அல்ல

"கெஃபன் கம்பெனி மட்டும் இல்லாவிட்டால் நிர்வானா குழுவை யாருக்குத் தெரிந்திருக்கும்?" 1990களின் அமெரிக்க ராக் இசையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வழக்கே முடிந்ததுபோல உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரிய ரெக்கார்டு கம்பெனிக்குக் காது உண்டு, துணிச்சல் உண்டு, கலைஞனைக் கண்டெடுத்து வளர்த்ததே அதுதான் என்பது வாதம். பல வருடமாகக் கேட்டுக்கேட்டு அலுத்துப்போன பொய் இது.

நிர்வானாவைக் கண்டெடுத்தது சியாட்டில் நகரின் சப் பாப் என்ற சின்னக் கம்பெனி. நிர்வானாவின் முதல் ஆல்பம் 'ப்ளீச்' 1989 ஜூனில் வந்தது. ஜாக் எண்டினோ ஒலிப்பதிவு செய்தார். ஸ்டுடியோ பில் 606 டாலர் 17 சென்ட். அதையும் எந்தக் கம்பெனியும் கட்டவில்லை. ஜேசன் எவர்மன் என்ற கிதார் கலைஞர் தன் கைப்பணத்தைக் கொடுத்தார். அந்த ஆல்பத்தில் அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. நன்றிக்காக உறையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 600 டாலரில் பதிவானது என்பதையும் உறையிலேயே அச்சிட்டார்கள். கெஃபன் வந்தது இதற்கெல்லாம் பிறகு. அதுவும், சிறு கம்பெனிகளில் பல வருடம் உழைத்துவிட்டு 1990இல் அங்கே சேர்ந்த சோனிக் யூத் குழுவினர் சிபாரிசு செய்த பிறகு. 1991 செப்டம்பர் 24 அன்று வெளியான 'நெவர்மைண்ட்' ஆல்பத்துக்கு அமெரிக்காவில் முதலில் அச்சிட்ட பிரதிகள் சுமார் 46,000. அடுத்த ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைக் கீழே தள்ளி பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. கையில் இருப்பது இன்னதென்று அறிந்த கம்பெனி 46,000 பிரதியோடு நிறுத்தியிருக்குமா? கடைகளுக்கு அனுப்பியதும் எம்டிவிக்குக் கொண்டுபோனதும் கெஃபன்தானே என்பார்கள். உண்மைதான், சப் பாப்பால் அது முடிந்திருக்காது. ஆனால் அதற்குப் பெயர் விநியோகம். நெல் மூட்டையைச் சந்தைக்கு ஏற்றிப்போன லாரிக்காரரை விளைவித்தவர் என்று நாம் யாரும் சொல்வதில்லை.

கம்பெனிக்குக் காது இருந்த லட்சணத்துக்கு ராக் இசைக்கலைஞர் நீல் யங் ஒருவரே போதும். தன் இஷ்டப்படி இசையமைக்கலாம் என்ற உறுதியை நம்பி 1980களின் தொடக்கத்தில் கெஃபனுக்கு வந்தவர் அவர். சின்தசைசர் ஒலியோடு 'ட்ரான்ஸ்' கொடுத்தார், முகம் சுளித்தார்கள். கன்ட்ரி இசையில் ஒன்றைக் கொண்டுபோனார். வேண்டாம், ராக் அண்ட் ரோல் கொடு என்றார்கள். 1950களின் பாணியில், அரை மணி நேரம்கூட ஓடாத 'எவ்ரிபடீஸ் ராக்கின்' தந்தார். 1983இல் கம்பெனி அவர் மீது 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அவருடைய ஆல்பங்கள் நீல் யங் ஆல்பம்போல இல்லையாம்! நீல் யங் யார் என்று நீல் யங்குக்கே பாடம் எடுக்க நீதிமன்றம் போனது கம்பெனி. கம்பெனியின் நிறுவனர் டேவிட் கெஃபன் பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். ஒரு கம்பெனி சறுக்கியதை வைத்துப் பேசலாமா என்பவர்கள், நீல் யங் அங்கிருந்து வெளியேறிய பிறகு நடந்ததைப் பார்க்கட்டும். 1989இல் 'ஃப்ரீடம்', 1990இல் 'ராகெட் க்ளோரி'; 1991 சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்னால் மேடையேறியது சோனிக் யூத். புதிய தலைமுறைக்கும் அவருக்கும் இருந்த உறவு இசைக்கலைஞர்களுக்குத் தெரிந்திருந்தது, கம்பெனிக்குத் தெரியவில்லை.

துணிச்சலாம். அட்வான்ஸும் ஸ்டுடியோ செலவும் குழுவின் ராயல்டியிலிருந்தே பிடித்துக்கொள்ளப்படும் என்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கமான ஒப்பந்தம். கடன் அடைந்த பிறகும் மாஸ்டர் டேப் பெரும்பாலும் கம்பெனியின் அலமாரியில்தான் இருக்கும்.

கண்டெடுத்தவர் யார் என்பதில் கெஃபனுக்கே சந்தேகம் இருக்கவில்லை. நிர்வானாவை விட்டுக்கொடுக்க சப் பாப் கேட்ட தொகையோடு, விற்பனையில் ஒரு பங்கு தரவும் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 'நெவர்மைண்ட்' உறையின் பின்பக்கத்தில் சப் பாப்பின் சின்னமும் அச்சாகியிருக்கிறது.