காயலான் கடைக்குப் போகும் முன்: ஆய்வக நச்சுப்பொருள்கள் பற்றி எங்கள் நிலைப்பாடு

பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வகங்கள் ஆபத்தான பொருள் எதையும் வாங்குவதானாலும், கையாள்வதானாலும், கழிப்பதானாலும் முதலில் அதை அறிந்த வல்லுநரிடம் எழுத்தில் ஆலோசனை பெற வேண்டும். இது நிறுவனத்தின் கடமை. மாணவரின் துணிச்சலுக்கு விட்டுவிடக் கூடாது. சென்னை கீழ்க்கட்டளையில் வாழும் பெற்றோரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு இதுதான்.

லேப் விவகாரத்தில் ஊர்க்காரர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் டெல்லி மாயாபுரியை நினைத்துப் பார்க்கட்டும். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968-இல் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி, 1985-க்குப் பின் சும்மா கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய சாமானாக ஏலம் போனது. மாயாபுரியில் அதை உடைத்தார்கள், உள்ளே கோபால்ட்-60. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏப்ரலில் ஒருவர் இறந்தார். அவர் ஆராய்ச்சியாளர் அல்ல, காயலான் கடைத் தொழிலாளி. கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். கணக்குப் போட்டால், அப்போது மிஞ்சியிருந்தது தொடக்க வீரியத்தில் 200-இல் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவே போதுமானதாக இருந்தது. ஏலத்துக்கு முன் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம்.

எங்கள் பக்கத்திலும் காயலான் கடைகள் உண்டு. ஏரியும் உண்டு. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த நிலம் அது. சின்க்கில் ஊற்றியது லேபைவிட்டுத்தான் போகும், ஊரைவிட்டுப் போகாது.

“எங்கள் பேராசிரியரே வல்லுநர்தானே?” என்பார்கள். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் நச்சு உலோக ஆய்வில் பெயர்பெற்றவர். 1996 ஆகஸ்டில், டைமெத்தில் மெர்குரி சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் கையுறைமேல் சிந்தின. அன்றைய வழக்கப்படி பாதுகாப்பாகத்தான் வேலை செய்தார். 1997 ஜூனில் இறந்தார். அந்தச் சேர்மம் அத்தகைய கையுறையைச் சில விநாடிகளில் ஊடுருவிவிடும் என்பது பிறகு நடந்த சோதனையில்தான் தெரியவந்தது. ஆகவே பாதுகாப்புத் தரவுத் தாளில் ‘தகுந்த கையுறை அணியவும்’ என்று மட்டும் இருந்தால், எந்தக் கையுறை, எவ்வளவு நேரம் தாங்கும் என்று அதைச் சோதித்தவரிடம் கேட்க வேண்டும். சீனியர் சொன்னார் என்பது பதில் ஆகாது. “சார், இது எனக்குத் தெரியாது” என்று சொல்லும் மாணவருக்கு ஏச்சு விழுகிற துறையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆய்வகங்களை மூடச் சொல்லவில்லை. இருப்புப் பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறை வெளி வல்லுநர் ஒருவர் பார்க்கட்டும். அவர் எழுத்தில் ஒப்புதல் தராமல் எந்தப் புட்டியும் கருவியும் ஏலத்துக்குப் போகக் கூடாது. தனியாக ஒருவரை அமர்த்த முடியாத கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்து அமர்த்தலாம். காசில்லை என்பார்கள், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தபோதெல்லாம் வெள்ளையடிக்க மட்டும் எங்கிருந்தோ காசு வந்துவிட்டது.

இந்த வட்டாரக் கல்லூரிகளுக்கு இவ்வறிக்கையை அனுப்புகிறோம். வேதியியல், விலங்கியல் அலமாரிகளில் பத்தாண்டாகத் திறக்காத புட்டிகள் எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். மூடியைத் திருகிப் பார்க்க வேண்டாம்: உலர்ந்த பிக்ரிக் அமிலம் அந்த உரசலிலேயே வெடிக்கக்கூடும். வெளியிலிருந்து லேபிளைப் படித்து எழுதினால் போதும்.