பாடநூலில் ஒரு மரணம்



விஜயநகரில் குடியேறியிருக்கும் நம் பிள்ளைகளில் பலர் மாநிலப் பாடத்திட்டத்தில் பயில்கிறவர்கள். கர்நாடகப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற ஒரு சிறுகதையைக் குறித்து இம்மாதம் எழுதுகிறேன். சாந்தா ராமேஸ்வர் ராவ் எழுதிய 'தி கான்சர்ட்' என்னும் கதை அது. பதினைந்து வயது அனந்த் புற்றுநோயினால் மரணத்தை நெருங்குகிறான். வீட்டார் பயத்தை வாய்விட்டுச் சொல்லாமல் அவன்முன் சிரித்துப் பேசுகிறார்கள். அவன் சகோதரி ஸ்மிதாவின் வேண்டுகோளுக்கு இணங்கி, சிதார் மேதை ரவிசங்கரும் தபேலா கலைஞர் அல்லா ரக்காவும் வீட்டுக்கே வந்து வாசிக்கிறார்கள். அந்த இசையின் நடுவே அவன் ஜீவன் பிரிகிறது.

சுகமளிக்கும் தேவனை ஆராதிக்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சுகமாகாத ஒருவனின் கதை எதற்கு என்று கேட்கலாம். தாவீது உபவாசித்து இராமுழுவதும் தரையிலே கிடந்தும் அவன் பிள்ளை ஏழாம் நாளில் மரித்ததே! 2 சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் கோலியாத்தைக் கற்பிக்கிற நாம் அந்த அதிகாரத்தை மெல்லக் கடந்துவிடுகிறோம்.

சபையில் சுகம் பெற்றவர்கள் சாட்சி சொல்லுகிறார்கள்; தேவனுக்கே மகிமை. ஆனால், சபையே கூடி ஜெபித்தும் தாயையோ தம்பியையோ இழந்த பிள்ளை எந்த வேளையில் எழுந்து பேசும்? மரணத்தை ஒருவர் வெளிப்படையாகப் பேசுவதை அப்பிள்ளை முதன்முதலில் கேட்பது ஆங்கில வகுப்பறையிலாக இருக்கக்கூடும். அந்த வாசலை நாம் அடைத்துவிடலாகாது.

நம் சபைகளில் ஆசிரியப் பணி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் யார் வீட்டில் துக்கம் நிகழ்ந்தது என்று முன்னரே அறிந்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளையை எழுப்பிக் கடைசிப் பத்தியை வாசிக்கச் சொல்லாதிருங்கள். கதை முடிந்த மாத்திரத்தில் இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்குத் தாவாதிருங்கள். யோபின் சிநேகிதர் ஏழு நாள் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். வாய் திறந்த பின்புதான் தவறினார்கள்.

துயரக் கதைகள் யாவும் நமக்கு ஏற்றவை என்றும் நான் சொல்லவில்லை. நமக்கு அண்மையிலுள்ள யாதவகிரியில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண், 1939-ல் மனைவி ராஜம் டைபாய்டு காய்ச்சலால் இறந்த துக்கத்தை 'தி இங்கிலிஷ் டீச்சர்' நாவலில் எழுதினார். 1945-ல் வெளிவந்த அந்நூலின் பிற்பகுதியில், கணவன் இறந்துபோன மனைவியோடு ஒரு மனிதர் வழியாகத் தொடர்புகொள்கிறான். உபாகமம் பதினெட்டாம் அதிகாரம் இதைத் தடைசெய்கிறது. கல்லூரிக்குச் செல்லும் மகள் அதை வாசித்தால் புத்தகத்தைப் பறிக்க வேண்டாம். அந்த ஏக்கம் மெய்யானது, அந்த வழியோ நமக்குரியதல்ல என்று உட்கார்ந்து பேசுங்கள். பேசாமல் பறித்தால் மறைவாக வாசிப்பாள், அவ்வளவே.

'எனக்கு ஆங்கிலம் தெரியாதே, பாஸ்டர்' என்று தாய்மார் சொல்லலாம். அதுவே நல்லது. ஹெப்பாள் தொழிற்பேட்டையிலிருந்து தகப்பன் வீடு திரும்பிய பின்பு, குடும்ப ஜெபத்திற்கு முன், அந்தக் கதையைத் தமிழில் சொல்லும்படி பிள்ளையைக் கேளுங்கள். சொல்லிக்கொண்டே வருகிற பிள்ளை ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே உடனே வசனம் சொல்லாமல் சற்றுக் காத்திருங்கள்.