சூரியனைப் பிடிக்குமுன் கூரையைப் பாருங்கள்

மொட்டைமாடிகளில் நீலத் தகடுகள் மின்னத் தொடங்கிவிட்டன. 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகளை அமைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. இதற்கென 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்று அல்லது அதற்கு மேல் 78,000 என்று மானியமும் அறிவிக்கப்பட்டது. இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், வரவேற்கும் அதே வேளையில் ஒரு வினாவையும் எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறோம். மின்சாரத்தை வாரி இறைக்கும் ஒரு வீட்டின் தலையில் தகடுகளை ஏற்றிவிட்டால், அது சிக்கன வீடாகிவிடுமா?

ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றை ஆழப்படுத்துகிறவனை ஊர் மெச்சுவதில்லை. முதலில் சேமிப்பு, பிறகே உற்பத்தி. இந்த வரிசையைத் தலைகீழாக்குவது அறிவுடைமையும் அன்று, அறமும் அன்று. இதுவே நாம் கூற விழைவது.

ஒரு விசிறியின் கணக்கு

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். பழைய வகைக் கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் உண்ணும். 'பி.எல்.டி.சி.' என்னும் புதுவகை விசிறிக்கு 30 வாட் அளவே போதும்; காற்றில் குறைவில்லை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் ஓடினால், ஒரே ஒரு விசிறியில் மிஞ்சுவது 162 யூனிட். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அப்படியானால் அந்த விசிறி ஒன்றே ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் நிலக்கரியை எரியாமல் காக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் சாம்பல்தான். எனவே எங்கோ ஒரு கழிமுகத்தில் முப்பது கிலோவுக்கு மேல் சாம்பல் கொட்டப்படாமல் போகிறது. ஒரு விசிறிக்கு இவ்வளவு என்றால், ஒரு தெருவுக்கு எவ்வளவு?

இது நடவாத காரியம் என்று சொல்வோர்க்கு விளக்குகளே விடை. 2015 சனவரியில் தொடங்கப்பட்ட 'உஜாலா' திட்டத்தின்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மக்கள் கைக்குச் சென்றன. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் விளக்கு தருகிறது. நாட்டின் வீடுகளில் இம்மாற்றம் ஆரவாரமின்றி நடந்தேறியது. விளக்கில் முடிந்தது விசிறியில் ஏன் முடியாது?

கூரை என்னும் அடுப்பு

அடுத்து, வீட்டையே பாருங்கள். நம் முன்னோர் வெயிலோடு வாழக் கற்றவர்கள். தடித்த சுவர், திண்ணை, தாழ்வாரம், காற்று ஏறி இறங்கும் முற்றம், உயர்ந்த ஓட்டுக்கூரை என்று வெயிலை வாசலிலேயே நிறுத்தினார்கள். மாடி எழுப்பியவர்களும் செங்கல் சல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து தட்டி, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். இன்றோ மெல்லிய கான்கிரீட் பலகை ஒன்றே கூரை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவெல்லாம் அதனை அறைக்குள் கக்குகிறது. நிழல் தரும் வெளிச்சுவர்ச் சாய்ப்பு இல்லை. மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி. இப்படி அடுப்பைக் கட்டி முடித்துவிட்டு, அதைக் குளிர்விக்க ஏ.சி. வாங்குகிறார்கள், ஏ.சி.யின் கட்டணத்தைத் தாளாமல் சூரியத்தகடு வாங்குகிறார்கள். நோயைத் தாமே வரவழைத்து, மருந்துக்கு மானியம் கேட்கும் விந்தை இது!

மாற்று வழி அறியாமல் இது நேரவில்லை. 1945-இல் இந்தியா வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைகொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களுக்கிடையே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையைப் பரப்பினார். செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சம். இடையில் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். அவர் 2007-இல் மறைந்தார். அவரைப் புகழ்ந்து பேசியவர்களுள் எத்தனை பேர் அவர் காட்டிய சுவரைக் கட்டினார்கள்? 2018-இல் 'இகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்புக் கட்டட விதிமுறை வெளிவந்தது. சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வெப்பம் புகுவதற்கு அது எல்லை வகுத்தது. ஆனால் வீட்டுக்கு வரைபடம் போடும் இடங்களில் அதன் பெயரையேனும் கேட்டவர் எத்தனை பேர்? ஏட்டில் இருக்கும் விதி எவருக்கும் நிழல் தராது.

வெறும் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு பூசுவதும் பெருஞ்செலவன்று. அறையின் சூடு இரண்டு மூன்று டிகிரியாவது தணியும். 2023-இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக்கென்றே தனிக்கொள்கை வகுத்தது. சூரியத்தகட்டின் விளம்பரத்திற்கு இருக்கும் பேரொலியில் ஒரு பங்கேனும் சுண்ணாம்பு வாளிக்கு இருந்தால் நாடு பிழைக்கும்.

பூச்சியக் கட்டணம் என்னும் மயக்கம்

"நான் தகடு வைத்துவிட்டேன், கட்டணம் பூச்சியம், இனி எப்படி எரித்தால் உங்களுக்கென்ன?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்குள் ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரவு முழுதும் ஓடும் ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று 8 யூனிட் வரை விழுங்கும். ஆகவே இரண்டு கிலோவாட் தகடு பகலெல்லாம் ஈட்டியதை ஓர் அறையின் உறக்கம் தின்றுவிடுகிறது.

இதிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தகடு பகலில் உழைக்கிறது, ஏ.சி. இரவில் உண்கிறது. மின்கலம் வைக்காத வீடு, பகலில் தந்ததை இரவில் வாங்கிக்கொள்வதாக மீட்டர் கணக்குக் காட்டுகிறது. பகலில் அது தந்த மின்சாரம் நிலக்கரியைக் குறைக்கவே செய்கிறது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரவில் அது வாங்கும் மின்சாரத்தின் பெரும்பங்கை ஈன்றது கதிரவன் அன்று, கொதிகலன். கட்டணச் சீட்டில் பூச்சியம் விழலாம், புகைபோக்கியில் விழுவதில்லை. 2020 சனவரி முதல் புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்று ஆணையிருக்கிறது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்று ஆற்றல் திறன் பணியகம் கூறுகிறது. ஆனாலும் கை தானாகவே 18-ஐத் தேடிப் போகிறது, போர்வையையும் தேடுகிறது!

யார் விலை கொடுக்கிறார்கள்?

"காசு கொடுக்கிறோம், எரிக்கிறோம்" என்பது இன்னொரு வாதம். காசு கொடுப்பது ஒருவர். விலை கொடுப்பது வேறொருவர். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துக் குழாய்கள் கசிந்து படிந்த சாம்பல், மீனும் இறாலும் நம்பி வாழ்ந்த மீனவர்களின் வலையை வெறுமையாக்கியது. 2023 சூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்கான கால்வாய்க்காக, வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீது மண்வாரி இயந்திரங்கள் ஏறின. பயன்படாத அறையில் சுழலும் ஒவ்வொரு விசிறிக்கும் அந்த வயலோடும் அந்தக் கழிமுகத்தோடும் தொடர்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத கம்பி வழியாக வரும் தொடர்பாதலால் அது நெஞ்சுக்குத் தெரியாமல் போகிறது.

இன்னொரு கூட்டத்தாரையும் எண்ணிப் பார்ப்போம். சொந்தக் கூரை உடையவனுக்குத்தான் சூரிய மானியம். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு எந்தக் கூரை? அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் இருப்பவளுக்கு எந்த மாடி? தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாசுக்கும் அடியில் வேகிற குடும்பத்துக்கு எந்தத் தகடு? 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம், ஏழையின் 300 சதுர அடி வீட்டிலும் சூரிய விளக்கு எரிய வேண்டும் என்று எண்ணியது. அந்த எண்ணம் சரியானது. அந்த வழியில் இன்னும் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது.

ஆதலின் நாம் கேட்பவை இவை. மானியம் தரும் அரசு, வீட்டின் கூரையையும் விசிறியையும் முதலில் பார்த்துவிட்டுத் தகட்டுக்குப் பணம் தரட்டும். 2016 மே முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஏழை வீட்டில் மிஞ்சும் ஒவ்வொரு யூனிட்டும் கருவூலத்திற்கும் மிச்சமே. 2011-இல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கத் தொடங்கிய மாநிலத்திற்குச் சிக்கன விசிறி வழங்குவதும், தகரக் கூரைகளுக்கு வெண்பூச்சு அடிப்பதும் இயலாதவை அல்ல. கூரையற்றவர்கள் பலர் சேர்ந்து, வேறோரிடத்துத் தகட்டின் மின்சாரத்தைத் தத்தம் கணக்கில் பெறும் முறைக்கு டில்லி 2019-இலேயே வழிவகுத்தது. அம்முறை நம்மூர் வாடகைக் குடும்பங்களுக்கும் எட்டட்டும். பள்ளிகளும் திருமண மண்டபங்களும் தம் அகன்ற கூரைகளை அதற்கெனத் திறந்து வைக்கட்டும்.

வசதி படைத்தோரிடம் நாம் கேட்பது ஒன்றே. தகடு வாங்குங்கள், தடையில்லை. ஆனால் அதற்கு முந்திய வாரத்தில் ஒரு வாளிச் சுண்ணாம்பு வாங்குங்கள். பழைய விசிறியைக் கழற்றுங்கள். மேற்குச் சன்னலுக்கு ஒரு தட்டி கட்டுங்கள். அதன்பின் எத்தனை தகடு வேண்டும் என்று எண்ணுங்கள். முன்பு எண்ணியதைவிடக் குறைவாகவே வேண்டியிருக்கும். அந்தக் குறைவே உண்மையான வருவாய்.