கோயில் ஊரில் தாமரைக்கு விழுந்த 1,633

2012 மார்ச் 21 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தலின் முடிவு வெளியானது. அதிமுகவின் முத்துச்செல்வி 94,977 வாக்குகள் வாங்கியிருந்தார். திமுகவின் ஜவகர் சூரியகுமாருக்கு 26,220, மதிமுகவின் சதன் திருமலைக்குமாருக்கு 20,678, தேமுதிகவின் முத்துக்குமாருக்கு 12,144. இந்த வரிசைக்கு வெகு கீழே பாஜக வேட்பாளர் எல். முருகன் இருந்தார். அவருக்குக் கிடைத்தவை 1,633 வாக்குகள், அதாவது நூற்றுக்கு ஒன்று. டெபாசிட் பறிபோனது. எட்டு ஆண்டுகள் கழித்து அதே முருகன் கட்சியின் மாநிலத் தலைவரானார். அடுத்த ஆண்டே மத்திய இணை அமைச்சரும் ஆனார்.

சங்கரன்கோவில் சாமி இல்லாத ஊர் அல்ல. சிவனும் திருமாலும் ஒரே திருமேனியாய் நிற்கும் சங்கரநாராயணர் கோயில் இங்கேதான் இருக்கிறது. ஆடித்தபசு நாளில் கோமதி அம்மன் தவக்காட்சியைக் காண ஊர் கொள்ளாத கூட்டம் வரும். புற்றுமண்ணை மருந்தென்று நெற்றியில் பூசிக்கொள்ளும் மக்கள் இவர்கள். வலதுசாரிக் கட்சி கால் ஊன்ற இதைவிடத் தோதான மண் ஏது என்று டெல்லியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ‘இது பெரியார் மண், மதம் பேசினால் எடுபடாது’ என்பது சென்னையில் கிடைக்கும் விடை. இரண்டுமே ஊரைப் பார்க்காமல் சொல்வது. ஆடித்தபசுக்குத் தேர்வடம் பிடிப்பவரும் உதயசூரியனுக்கோ இரட்டை இலைக்கோ வாக்களிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவர் கோயிலில் கேட்பது வேறு, எம்எல்ஏவிடம் கேட்பது வேறு.

எம்எல்ஏவிடம் கேட்க இங்கே நிறையவே உண்டு. இது விசைத்தறி ஊர். நூல் விலை ஏறினாலும் மின்சாரம் நின்றாலும் தறிக்கூலியில்தான் அடி விழும். 2012 தொடக்கத்தில் தமிழகம் பல மணி நேர மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்தது. கூடங்குளம் போராட்டம் அதே நெல்லை மாவட்டத்தில் உச்சத்தில் இருந்தது. வாக்குப்பதிவு மார்ச் 18. அணுமின் நிலையப் பணிகளைத் தொடரலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது மறுநாள். தேதிகள் இப்படி அடுத்தடுத்து விழுந்தது தற்செயல் என்று நம்பியவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். சட்டமன்றத்தில் விஜயகாந்தோடு மோதிய ஜெயலலிதா, தனித்து நின்று காட்டுங்கள் என்று தேமுதிகவுக்குச் சவால் விட்ட தேர்தலும் இதுவே. ஆளுங்கட்சியின் அமைச்சர் பட்டாளம் தெருத் தெருவாக இறங்கியிருந்தது. கலிங்கப்பட்டிக்காரரான வைகோவுக்கோ இது வீட்டு வாசல். இத்தனை பேர் நடுவே ஒரு சிறிய கட்சியின் குரல் கேட்காமல் போனதில் வியப்பில்லை.

ஆனால் இடைத்தேர்தல் நெரிசலை மட்டும் காரணமாகக் காட்டித் தப்பிக்க முடியாது. இந்தத் தேர்தலுக்கே காரணமானவரின் கதை அதற்கு இடம் கொடுக்காது. அமைச்சர் சி. கருப்பசாமி 2011 அக்டோபரில் மறைந்ததால் காலியான தொகுதி இது. 1996, 2001, 2006, 2011 என்று தொடர்ந்து நான்கு முறை வென்றவர் அவர். அதில் 1996 தனிக் கதை. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்ற தேர்தல் அது. மாநிலம் முழுக்க அதிமுகவுக்குக் கிடைத்தவை நான்கே இடங்கள், அவற்றில் ஒன்று சங்கரன்கோவில். சில நூறு வாக்குகளில்தான் கருப்பசாமி கரையேறினார். கட்சிக்கு எதிராக வீசிய அப்படி ஓர் அலையில் வேட்பாளரின் சொந்த முகத்துக்கு ஏதோ மதிப்பு இல்லாமல் இந்த ஊர் அவரைக் காப்பாற்றியிருக்காது.

முருகனின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. நாமக்கல் மாவட்டத்தின் கோனூரில் அருந்ததியர் குடும்பத்தில், விவசாயக் கூலிகளின் மகனாகப் பிறந்து, சட்டம் படித்து, உயர் நீதிமன்ற வழக்கறிஞராகி, தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தின் துணைத் தலைவர் வரை வந்தவர். மகன் மத்திய அமைச்சரான பிறகும் பெற்றோர் வயலில் வேலை செய்துகொண்டிருந்த செய்தியைத் தமிழகமே படித்தது. கேள்வி அவர் நின்ற இடங்களைப் பற்றியது. 2011-ல் ராசிபுரம், 2012-ல் சங்கரன்கோவில், 2021-ல் தாராபுரம், 2024-ல் நாடாளுமன்றத்துக்கு நீலகிரி. நான்கு தேர்தல், நான்கு ஊர், நான்கிலும் தோல்வி. ராசிபுரத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே ஓர் ஆண்டு இடைவெளிகூட இல்லை.

தனித்தொகுதிகள் 234-ல் 44 மட்டுமே என்பதால் பட்டியல் சாதி வேட்பாளர்கள் ஊர் மாறி நிற்க வேண்டியிருக்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பெரிய கட்சிகளும் வெளியூர்க்காரரைக் கொண்டுவந்து இறக்குவதுண்டு. ஆனால் அங்கே கணக்கு வேறு. திமுகவும் அதிமுகவும் யாரை நிறுத்தினாலும் ஊருக்கு ஊர் கிளைச் செயலாளர் இருக்கிறார், பூத்துக்குப் பூத் ஆள் இருக்கிறது. வேட்பாளரைத் தெரியாவிட்டாலும் கூட வருகிறவரைத் தெரியும். சிறிய கட்சிக்கு வேட்பாளர்தான் கட்சி. அவருக்கு ஊர் தெரியாவிட்டால் கட்சிக்கும் தெரியாது.

தோற்கப் போகும் தொகுதியில் இளம் வேட்பாளரைப் பழக்குவது உலகம் முழுக்க நடப்பதுதான். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சர் 1950-லும் 1951-லும் தொழிற்கட்சியின் கோட்டையான டார்ட்ஃபோர்டில் நின்று தோற்றார். ஆனால் வேட்பாளரானதும் அந்த ஊருக்கே குடிபோனார், இரண்டு முறையும் எதிரணியின் வாக்கு வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டினார். 1959-ல் ஃபின்ச்லி கிடைத்ததும் 1992 வரை அந்தத் தொகுதியை விடவில்லை. மரபையும் மண்ணையும் பேசும் அரசியலுக்கு இப்படி ஓரிடத்தில் நிலைப்பது அழகு மட்டுமல்ல, அடிப்படைத் தகுதியும்கூட. தலைமுறை தலைமுறையாக வந்ததைக் காக்கிறேன் என்று சொல்பவர், ஒரு தேர்தலுக்கு ஓர் ஊர் என்று நின்றால் கேட்பவருக்கு எங்கோ இடறும்.

தமிழகத்தில் பாஜக வென்ற இடங்களும் இதையே காட்டுகின்றன. 1996-ல் பத்மநாபபுரத்தில் வென்று கட்சியின் முதல் எம்எல்ஏ ஆன சி. வேலாயுதன் குமரி மாவட்டத்துக்காரர், கூட்டணி இல்லாமலே ஜெயித்தவர். காலில் செருப்பில்லாமல் நடக்கும் எம்.ஆர். காந்தி பல முறை தோற்றும் அந்த மாவட்டத்தைவிட்டு நகராமல் 2021-ல் நாகர்கோவிலைப் பிடித்தார். வானதி சீனிவாசன் 2016-ல் கோவை தெற்கில் மூன்றாமிடம் வந்தார், தொகுதியை மாற்றவில்லை. 2021-ல் கமல்ஹாசனை 1,728 வாக்குகளில் வென்றார். நயினார் நாகேந்திரனுக்கு நெல்லை வாக்காளர்கள் அதிமுக காலத்திலிருந்தே பழக்கம். 2021-ல் அதிமுக கூட்டணி இல்லாமல் இவர்கள் வென்றிருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அதே கூட்டணியில் பாஜக நின்ற 20 இடங்களில் 16 கைவிட்டுப் போயின.

போனவற்றில் தாராபுரமும் ஒன்று. அங்கே மாநிலத் தலைவர் முருகன் 88,593 வாக்குகள் வாங்கி 1,393 வித்தியாசத்தில் தோற்றார். சங்கரன்கோவிலில் அவர் வாங்கிய மொத்த வாக்குகளைவிடக் குறைவான வித்தியாசம்! முந்தைய நவம்பரில் திருத்தணியிலிருந்து திருச்செந்தூர் நோக்கி அவர் தொடங்கிய வேல் யாத்திரை நாடு முழுக்கச் செய்தியானது. தேர்தலில் திருத்தணியும் திருச்செந்தூரும் திமுகவுக்கே போயின. யாத்திரைக்குப் போன நேரத்தில் ஒரு பகுதி தாராபுரத்தின் தெருக்களுக்குக் கிடைத்திருந்தால் 1,393 என்பது தாண்ட முடியாத எண் அல்ல.

சங்கரன்கோவிலும் இன்று 2012-ன் சங்கரன்கோவில் இல்லை. நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. 2021-ல் அமைச்சர் ராஜலட்சுமியைத் திமுகவின் ஈ. ராஜா வென்றது வெறும் 5,297 வாக்குகளில். யாருக்கும் பட்டா போட்ட தொகுதி அல்ல. 2024 மக்களவைத் தேர்தலில், இந்தத் தொகுதியையும் உள்ளடக்கிய தென்காசியில் தாமரைச் சின்னம் 2 லட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றது. ஆனால் அந்தச் சின்னத்தில் நின்ற ஜான் பாண்டியன் இன்னொரு கட்சியின் தலைவர். சின்னம் வளர்ந்திருக்கிறது, சின்னத்துக்குச் சொந்த ஊர்க்காரர் இன்னும் வளரவில்லை.

இது பாஜகவின் கவலை மட்டும் அல்ல. இரு கழகங்களுக்கும் மாற்றாக வலது பக்கத்திலிருந்து ஒரு பொறுப்பான குரல் வருமானால், தறிக்கூலியிலும் மின் கட்டணத்திலும் ஆளுங்கட்சி இன்னும் கவனமாக இருக்கும். அந்தக் குரலுக்குத் தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு வரும் வேன் போதாது. நகராட்சி வார்டில் நின்று தோற்றுப் பழகிய ஆள், தறிக்கூடத்தில் பாவு ஓட்டுகிறவரின் பெயர் தெரிந்த ஆள், துட்டி வீட்டுக்குச் சொல்லாமலே வந்து நிற்கிற ஆள் வேண்டும். சாதிக் கலவரத்தின் தழும்புகள் உள்ள தென்மாவட்டத் தனித்தொகுதியில் ஊர்த்தெருவும் காலனியும் ஒருசேர நம்பும் ஆளாகவும் அவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவரைத் தேடி, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்து, தோற்றாலும் அதே ஊரில் விட்டுவைக்கக் கட்சித் தலைமை தயாரா என்பதைத்தான் சங்கரன்கோவில் வாக்காளர்கள் அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டும்.